நிலைநிதிக்கு இணை மானியம்: அமெரிக்காவில் சிறு தொண்டு அமைப்புகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) சமூக அறக்கட்டளைகள் இயங்குகின்றன; உள்ளூர் மக்கள் பலரின் கொடைகளைச் சேர்த்து முதலீடு செய்து, உள்ளூர்ப் பணிகளுக்கு வழங்குபவை இவை. "நிலைநிதிக்கென்று நீங்கள் இவ்வளவு திரட்டினால் நாங்களும் இவ்வளவு போடுகிறோம்" என்று அவை உள்ளூர்த் தொண்டு அமைப்புகளிடம் அவ்வப்போது முன்வருவது வழக்கம். உணவு வங்கி, நூலக நண்பர்கள் குழு, விலங்குக் காப்பகம், வார இறுதித் தமிழ்ப் பள்ளி என எல்லா வகைச் சிறு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். பொருளாளர்களும் நிர்வாகக் குழு உறுப்பினர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறோம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் காட்டிவிடுங்கள்.

நிலைநிதி என்பது என்ன? வங்கியில் இருக்கும் சேமிப்பும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. எண்டோமென்ட் என்று இங்கே எல்லோரும் சொல்லும் நிலைநிதியில் முதல் அப்படியே முதலீட்டில் கிடக்கும். ஆண்டுதோறும் ஒரு சிறு விழுக்காட்டை மட்டுமே எடுத்துச் செலவிடலாம். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகளை விட்டுவைத்ததும் இதே ஏற்பாடுதான். நெய் நாள்தோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும், மந்தை மட்டும் குறையக் கூடாது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டில் பொறித்தது அதனால்தான்.

சேமிப்பு அவசரத்துக்கு உதவும். நிலைநிதி அவசரத்துக்கு உதவாது. நாளை கூரை ஒழுகினாலும் அந்த முதலைத் தொட முடியாது. இடையில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அமைப்பின் குழுவே தீர்மானம் போட்டுத் தன் உபரிப் பணத்தை ஒதுக்கி, நிலைநிதிபோல நடத்துவது. குழு போட்ட தீர்மானத்தைக் குழுவே மாற்றலாம் என்பதால் சட்டப்படி அது உண்மையான நிலைநிதி ஆகாது. பெரும்பாலான இணை மானியங்கள் அதை ஏற்பதில்லை.

இணை மானியம் எப்படி வேலை செய்கிறது?

அறக்கட்டளை ஒரு விகிதம், ஓர் உச்சவரம்பு, ஒரு காலக்கெடு என மூன்றை அறிவிக்கும். 1:2 விகிதம், உச்சவரம்பு 10,000 டாலர், கெடு 18 மாதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 20,000 திரட்டினால் அவர்கள் 10,000 போடுவார்கள், நிதி 30,000 ஆகும். 14,000-தான் வந்தது என்றால் 7,000 கிடைக்கும். சில திட்டங்களில் முழு இலக்கையும் எட்டாவிட்டால் எதுவுமே கிடையாது. அந்த நிபந்தனை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்கென்று தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது முந்திக்கொள்பவர்களுக்கா? பொதுத் தொகுப்பிலிருந்து கொடுக்கும் திட்டத்தில் கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பணம் தீர்ந்துபோகலாம். அப்போது கொடையாளர்களிடம் நீங்கள் சொன்ன சொல் பொய்த்துவிடும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

முதல் சமூக அறக்கட்டளை 1914-இல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. தொடங்கியவர் ஃப்ரெடரிக் காஃப் என்ற வங்கியாளர். இறந்தவர்கள் எழுதிவைத்த நிபந்தனைகள் காலம் கடந்து பொருளிழந்து, பணம் பயனற்று முடங்குவதைக் கண்டு அவர் இந்த வடிவத்தை உருவாக்கினார். இணை மானியத்தால் ஒரு மாநிலமே மாறியதற்கு இண்டியானா எடுத்துக்காட்டு. லில்லி எண்டோமென்ட் என்ற தனியார் அறக்கட்டளை 1990-இல் சமூக அறக்கட்டளைகளை வளர்க்க ஒரு திட்டம் தொடங்கி இணை மானியங்களை வழங்கியது. இன்று அந்த மாநிலத்தின் 92 கவுண்டிகளுக்கும் சமூக அறக்கட்டளைச் சேவை இருக்கிறது. வரலாறு, இலக்கியம், மெய்யியல் போன்ற துறைகளுக்கு உதவும் நடுவண் அரசின் தேசிய அறக்கொடை நிறுவனமும் (National Endowment for the Humanities) 1977 முதல் நடத்திய மானியத் திட்டத்தில், ஒரு அரசு டாலருக்கு மூன்று வெளி டாலர் திரட்டும்படி பெரும்பாலான அமைப்புகளிடம் கேட்டது. பல அருங்காட்சியகங்களும் நூலகங்களும் அதைக் கொண்டே நிலைநிதியை வளர்த்தன.

அயோவா மாநிலம் வேறு வழியில் போனது. தகுதி பெற்ற சமூக அறக்கட்டளையிலுள்ள நிரந்தர நிதிக்குக் கொடுப்பவருக்கு மாநில வருமான வரியில் கொடையின் 25 விழுக்காடு கழிவு தருகிறது. உங்கள் மாநிலத்தில் இப்படி ஏதாவது இருந்தால் இணை மானியத்தோடு சேர்த்தே கொடையாளர்களிடம் சொல்லுங்கள். இரண்டும் சேரும்போது கேட்பதே எளிதாகிறது.

நாங்கள் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கே நாங்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச விரும்புகிறோம். இணை மானிய அறிவிப்பைப் பார்த்தவுடன் "இலவசப் பணம்" என்று குழு துள்ளும். ஆனால் நிலைநிதிக்குள் போகும் ஒவ்வொரு டாலரும் இன்றைய செலவுக்குக் கிடைக்காத டாலர். கையில் மூன்று மாதச் செலவுக்காவது பணம் இல்லாத அமைப்பு நிலைநிதி தொடங்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு இருந்தால் நல்லது. கையிருப்பு இல்லாமல் தொடங்கிய அமைப்புகள் இரண்டாம் ஆண்டிலேயே சம்பளம் கொடுக்கத் தடுமாறும். அறக்கட்டளைக் கணக்கில் 40,000 டாலர் இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது.

அதோடு, ஆண்டுதோறும் கொடுக்கும் கொடையாளர்கள் குறைந்தது நூறு பேராவது இருக்கிறார்களா? கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு பற்றாக்குறை இல்லாமல் முடிந்ததா? தொடங்கியவர் விலகினாலும் அமைப்பு நடக்குமா? நிரந்தரமாக ஒரு நிதி வேண்டும் என்று கேட்பவர்கள் நிரந்தரமாக இருப்பார்களா என்றுதான் கொடையாளர் எடைபோடுவார்.

எவ்வளவு வருமானம் வரும்?

நினைப்பதைவிடக் குறைவாகவே வரும். 30,000 டாலர் நிதியில் 4.5 விழுக்காடு எடுத்தால் ஆண்டுக்கு 1,350 டாலர். ஒரு லட்சம் டாலருக்கு 4,500. ஆண்டுக்கு 50,000 வேண்டுமென்றால் 11 லட்சத்துக்குச் சற்று மேல் முதல் தேவை. இந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

சிறு தொகையாக இருந்தும் இது ஏன் வேண்டும் என்றால், அந்த 1,350 டாலருக்கு யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. நிதி இருக்கிறது என்று தெரிந்தால்தான் உயிலில் எழுதுபவர்களும் வருவார்கள். சிறு அமைப்புகளின் நிலைநிதி பெரிதாவது பெரும்பாலும் உயில் கொடைகளால்தான். உயில் கொடை வந்து சேர ஒரு கணக்கைத் திறந்துவைப்பதே இணை மானியத்தின் பெரிய பயன் என்பது எங்கள் கருத்து.

ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

நிதி சமூக அறக்கட்டளையிடம் இருந்தால் அவர்களுடைய பகிர்வு விதிப்படிதான். வழக்கம் 4 முதல் 5 விழுக்காடு. அது அன்றைய மதிப்பில் கணக்கிடப்படுவதில்லை, கடந்த 12 அல்லது 20 காலாண்டுகளின் சராசரியில் கணக்கிடப்படும். மூன்று ஆண்டு மதிப்புகள் 90,000, 110,000, 100,000 என்றால் சராசரி 100,000, எனவே 4.5 விழுக்காட்டில் 4,500 வரும். சந்தை ஓராண்டு சரிந்தாலும் உங்கள் வரவு ஒரேயடியாக விழாமல் இருக்கத்தான் இந்தச் சராசரி.

விகிதம் கூடுதலாக இருந்தால் மகிழாதீர்கள். 4.5 விழுக்காடு பகிர்வு, 1 விழுக்காடு கட்டணம், 3 விழுக்காடு விலைவாசி உயர்வு என்று கூட்டினால் முதலின் வாங்கும் திறன் குறையாமலிருக்க முதலீடு ஆண்டுக்கு 8.5 விழுக்காடு ஈட்ட வேண்டும். பல ஆண்டுகளுக்குச் சராசரியாக அவ்வளவு கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 4 விழுக்காடே பாதுகாப்பானது.

சந்தை விழுந்து, நிதி போட்ட தொகைக்குக் கீழே போய்விட்டால்?

அப்படிப்பட்ட நிதியை இங்கே 'நீருக்கடியில் போனது' என்பார்கள். 50,000 போட்டது 40,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். மாநிலங்கள் எடுத்துக்கொள்வதற்கென்று வரையப்பட்ட 1972-இன் பழைய மாதிரிச் சட்டத்தின் கீழ், போட்ட டாலர் தொகைக்குக் கீழே கை வைக்க முடியாது. 2006-இல் வந்த புதிய மாதிரிச் சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. நிதியின் நோக்கம், பொருளாதார நிலை, விலைவாசி, அமைப்பின் மற்ற வருவாய் போன்றவற்றை எண்ணிப் பார்த்து, விவேகமாகத் தோன்றும் அளவு எடுக்கலாம். 49 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் இதை ஏற்றுள்ளன. ஏற்காதது பென்சில்வேனியா. அங்கே தனிச் சட்டப்படி, ஆண்டுப் பகிர்வை மூன்று ஆண்டுச் சராசரியில் 2 முதல் 7 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். வேறு சில மாநிலங்களில் 7 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தாலே அது விவேகமற்றது என்ற அனுமானம் எழும்.

சட்டம் அனுமதித்தாலும் அறக்கட்டளையின் சொந்த விதி அந்த ஆண்டுப் பகிர்வை நிறுத்திவைக்கலாம். அதை முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

நிதியின் பெயரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் குழுக்கள் மற்றப் பக்கங்களைப் படிக்காமல் கையெழுத்திடுவதுண்டு. நோக்கம் எழுதப்படும் வரியில்தான் எல்லாம் இருக்கிறது. "ஐந்தாம் வகுப்புக் கணினி வகுப்புகளுக்கு" என்று எழுதினால் இருபது ஆண்டு கழித்துக் கையைக் கட்டிப்போடும். "அமைப்பின் பொதுச் செயல்பாடுகளுக்கு" என்று எழுதுங்கள். கொடையாளர் வற்புறுத்தினால் "கல்விப் பணிகளுக்கு" என்பதுவரை போகலாம்.

அடுத்தது, மாற்றும் உரிமை. சமூக அறக்கட்டளையிடம் ஒப்படைத்த பணம் சட்டப்படி அவர்களுடையது, திரும்பப் பெற முடியாது. நோக்கம் நிறைவேற்ற முடியாததாகவோ தேவையற்றதாகவோ ஆகிவிட்டால் அதை வேறு பணிக்குத் திருப்பும் உரிமை அவர்கள் குழுவுக்கு உண்டு. இது காஃப் காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு. இதை நீக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் "எங்கள் அமைப்பு கலைந்துபோனால் இதே கவுண்டியில் இதே பணியைச் செய்யும் வேறு அமைப்புக்கு" என்று உங்கள் விருப்பத்தை எழுதிவையுங்கள்.

கட்டணம், குறைந்தபட்ச இருப்பு, பகிர்வு தொடங்கும் நாள் மூன்றையும் பாருங்கள். கட்டணம் பெரும்பாலும் அரை விழுக்காட்டிலிருந்து ஒன்றரை விழுக்காட்டுக்குள் இருக்கும். முதலீட்டு மேலாளர் செலவு அதில் அடக்கமா, தனியா? சிறு நிதிகளுக்கு விழுக்காட்டோடு ஒரு குறைந்தபட்சத் தொகையும் சொல்வார்கள். ஆண்டுக்கு 250 டாலர் குறைந்தபட்சம் என்றால் 10,000 டாலர் நிதியில் அதுவே 2.5 விழுக்காடு ஆகிவிடும்.

எந்தக் கொடைகள் இணைக்குக் கணக்கில் வரும்?

இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். வழக்கமாகக் கணக்கில் வருவது, கெடுவுக்குள் கைக்கு வந்த புதிய பணம். உங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துப் போடுவது பெரும்பாலும் சேராது. உறுதிமொழி சேருமா என்றால், கெடுவுக்குள் செலுத்தப்பட்ட பகுதி மட்டும் சேரும். உயிலில் எழுதியிருக்கிறேன் என்ற கடிதம் பொதுவாகச் சேராது.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்யும் பெற்றோர் நிறைந்த தமிழ்ப் பள்ளிகள் ஒன்றைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்: ஊழியர் கொடுத்ததற்கு இணையாக அவருடைய நிறுவனம் தரும் தொகை, இணைக்குரிய கொடையாகக் கணக்காகுமா? பல திட்டங்களில் ஆகும். ஆனால் அந்தப் பணம் ஊழியர் கொடுத்துச் சில மாதம் கழித்தே வரும். கெடு டிசம்பர் 31 என்றால் ஊழியர்களை ஆகஸ்டிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் கொடைத் தளம் காசோலையை உங்கள் பெயரில்தான் அனுப்பும் என்பதால், அது நிலைநிதிக்கு உரியது என்ற கொடையாளரின் எழுத்துக் குறிப்பையும் வாங்கி வையுங்கள்.

பங்குகளாகக் கொடுத்தால், விற்ற பிறகு கையில் வந்த தொகையா, கொடுத்த நாளின் மதிப்பா? இதுவும் திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

காசோலையை யார் பெயரில் எழுத வேண்டும்?

இணைத் திட்டம் சொல்லும் பெயரில் மட்டும். சமூக அறக்கட்டளையின் பெயரில் எழுதி, குறிப்பு வரியில் உங்கள் நிதியின் பெயரைப் போடுவதே வழக்கம். யார் பெற்றார்களோ அவர்களே ரசீது தர வேண்டும். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவருக்கு எழுத்துபூர்வ ஒப்புகை இல்லாமல் வரி விலக்கு கிடையாது. ஒரே கொடைக்கு இரண்டு இடமும் ரசீது கொடுத்துவிட்டால் சிக்கல். நீங்கள் அனுப்புவது நன்றிக் கடிதமாக மட்டும் இருக்கட்டும்.

ஓய்வூதியக் கணக்கிலிருந்து கொடுக்க முடியுமா?

முடியும். எழுபதரை வயது நிறைந்தவர் தன் தனிநபர் ஓய்வுக் கணக்கிலிருந்து (IRA) நேராகத் தொண்டு அமைப்புக்கு அனுப்பினால் அந்தத் தொகை அவர் வருமானத்தில் சேராது. 2025-க்கான உச்சவரம்பு 108,000 டாலர். உங்கள் அமைப்பின் பெயரிலுள்ள நிலைநிதிக்கு இப்படி அனுப்பலாம், கொடையாளர் ஆலோசனை நிதிகளுக்குத்தான் (ஒருவர் பணத்தை முன்கூட்டியே ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டு, அதை எந்த அமைப்புக்கு வழங்கலாம் என்று பிறகு பரிந்துரைக்கும் கணக்குகள்) அனுப்பக் கூடாது. பணம் கொடையாளரின் வங்கிக் கணக்கு வழியாக வந்தால் சலுகை போய்விடும்.

கொடையாளர் ஆலோசனை நிதி வைத்திருப்பவர்களிடம் கட்டுப்படுத்தும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். "பரிந்துரைக்க எண்ணியிருக்கிறேன்" என்று எழுதித் தந்தால் போதும்.

விகிதம் 1:1 இருந்தால் நல்லதா, 2:1 அல்லது 3:1 இருந்தால் இன்னும் அதிகம் கொடுப்பார்களா?

கொடையாளர் மனம் விகிதத்துக்கு அவ்வளவாக அசைவதில்லை. டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 50,000-க்கும் மேற்பட்ட கொடையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி நடத்திய ஆய்வை 2007-இல் வெளியிட்டார்கள். இணை உண்டு என்று சொன்னதே ஒரு கடிதத்துக்குக் கிடைத்த தொகையை 19 விழுக்காடு உயர்த்தியது. 1:1-ஐ 3:1 ஆக்கியதால் கூடுதல் பயன் ஏதும் இல்லை. எனவே அறக்கட்டளையிடம் பேரம் பேசும்போது பெரிய விகிதத்தைவிட உயர்ந்த உச்சவரம்பும் நீண்ட கெடுவும் கேளுங்கள்.

கொடையாளரிடம் சொல்வது உண்மையாக இருக்கட்டும். உச்சவரம்பை எட்டிய பிறகும் "உங்கள் டாலர் இரட்டிப்பாகும்" என்று வலைத்தளத்தில் விட்டுவைப்பது ஏமாற்று வேலை.

திரட்டும் வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் குழுத் தீர்மானம், பிறகு ஒப்பந்தம், பிறகு கொடை ஏற்பு விதிகள். மூன்றும் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும், அந்த நேரத்தில் அறிவிக்காதீர்கள். அடுத்து, குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும். தொகை முக்கியமில்லை, ஒருவர்கூட விடுபடக் கூடாது. பிறகு பெரிய கொடையாளர்களை ஒவ்வொருவராக நேரில் பாருங்கள். இலக்கில் பாதிக்கு மேல் வந்தபிறகே ஊருக்கு அறிவியுங்கள். 20,000 இலக்கில் 12,000 வந்துவிட்டது என்றால் மீதியைக் கொடுக்க ஆட்கள் வருவார்கள். 900 வந்திருக்கிறது என்றால் வரமாட்டார்கள்.

ஆண்டுக்கொடை தருபவரிடம் கேட்கும்போது "வழக்கமாகத் தருவதற்கு மேல்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழக்கமான 500 டாலர் நிலைநிதிக்குப் போய், அந்த ஆண்டுச் செலவில் 500 டாலர் ஓட்டை விழும். இணை மானியத் திரட்டல் வெற்றிபெற்றும் அமைப்பு நொடித்துப்போவது இப்படித்தான்.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களிடம் கேட்பதற்குமுன் அந்தந்த மாநிலத்தில் நிதி திரட்டப் பதிவு வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலான மாநிலங்கள் கேட்கின்றன.

கணக்கில் எப்படிக் காட்டுவது?

உங்கள் அமைப்பு பெற்ற பணத்தை நீங்களே அறக்கட்டளைக்கு அனுப்பி, பயனாளியாக உங்களையே குறித்தால், அது உங்கள் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகத் தொடரும். கொடையாளர்கள் நேராக அறக்கட்டளைக்குக் கொடுத்ததும் அறக்கட்டளை போட்ட இணைத் தொகையும், மாற்றும் உரிமை அவர்களிடம் இருக்கும்போது, பொதுவாக உங்கள் சொத்தாக வராது. ஒரே நிதி, இரண்டு விதக் கணக்கு. ஆகவே தொடக்கத்திலிருந்தே எந்த டாலர் எந்த வழியில் வந்தது என்று தனித்தனிப் பட்டியல் வையுங்கள். மூன்றாண்டு கழித்துத் தணிக்கையாளர் கேட்கும்போது பிரிப்பது பெரும்பாடு. தொண்டு அமைப்புகள் நடுவண் வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் அறிக்கையான படிவம் 990-ஐ முழு வடிவில் தாக்கல் செய்பவர்கள், அதன் இணைப்பு டி, ஐந்தாம் பகுதியில் நடப்பாண்டையும் முந்தைய நான்கு ஆண்டுகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

பெரிய இணைத் தொகையால் எங்கள் பொது அமைப்புத் தகுதிக்கு ஆபத்து வருமா?

பொது அமைப்பு என்பது ஒருவர் இருவர் பணத்தில் நடக்கும் தனியார் அறக்கட்டளையாக அல்லாமல், பலர் ஆதரவில் நடக்கும் தொண்டு அமைப்பு என்ற வரித் தகுதி. ஆபத்து வருமா என்பது கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. கொடைகளை நம்பி நடக்கும் அமைப்பு, பொதுவாக ஐந்து ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்காவது பொதுமக்கள் ஆதரவு என்று காட்ட வேண்டும். சமூக அறக்கட்டளையோ அரசோ தரும் மானியம் பொதுவாக முழுதும் பொது ஆதரவாக எண்ணப்படும். தனிநபரோ ஒரு குடும்ப அறக்கட்டளையோ நேராக உங்களுக்குத் தந்தால் மொத்த ஆதரவில் 2 விழுக்காடு மட்டுமே எண்ணப்படும். ஐந்து ஆண்டு மொத்தம் 500,000 என்றால், அவர் தந்த 100,000-இல் 10,000-தான் பொது ஆதரவு. சிறு அமைப்புக்கு ஒரு பெரிய தனியார் இணை வந்தால் வாங்கும் முன்பே கணக்காளரிடம் போய்விடுங்கள்.

இந்த நிதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு பள்ளிக்கு உதவலாமா?

கவுண்டி அறக்கட்டளைகள் உள்ளூர் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்றே இணைப் பணம் தருகின்றன. ஒப்பந்த நோக்கத்துக்கு வெளியே அனுப்ப முடியாது. வேறு பணத்திலிருந்து அனுப்புவதானாலும் இந்தியாவில் பெறும் அமைப்புக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையிலுள்ள கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். பெற்றவர் அதை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது.

கோயில் நடத்தும் அமைப்பு விண்ணப்பிக்கலாமா?

சில அறக்கட்டளைகள் வழிபாட்டுச் செலவுக்கு மட்டும் மறுக்கும், சில மத அமைப்புகளையே ஏற்காது. கோயில் நடத்தும் மொழி வகுப்பு, முதியோர் உணவு போன்ற எல்லோருக்கும் திறந்த பணிகளை நோக்கமாக வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

நிதி கடைசிவரை சிறிதாகவே நின்றுவிட்டால் கலைக்க முடியுமா?

எளிதில் முடியாது. 2006 மாதிரிச் சட்டத்தில் சிறு, பழைய நிதிகளுக்கு ஒரு வழி உண்டு. நிதியின் மதிப்பு 25,000 டாலருக்குக் கீழ், வயது 20 ஆண்டுக்கு மேல், கட்டுப்பாடு நடைமுறைக்கு ஒவ்வாததாகிவிட்டது என்றால், நிதியை வைத்திருக்கும் அமைப்பு மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு அறிவித்து 60 நாள் கழித்துக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம். மாநிலங்கள் இந்தத் தொகையையும் ஆண்டையும் மாற்றியிருக்கின்றன. சமூக அறக்கட்டளையிடம் உள்ள நிதியானால் விண்ணப்பத்தை அவர்கள் வழியாகத்தான் நகர்த்த வேண்டும், முதலில் அங்கே உங்கள் நிதிக்குப் பொறுப்பான அலுவலரிடம் பேசுங்கள்.